வெறிச்சென்று ஒரு பக்கம்

ஜூலை 14, திங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியல் ரெக்கார்டு நோட்டில் பின்பக்கம் முப்பது தாள் மிச்சம் இருந்தது. இனிமேல் இதில்தான் எழுதப் போகிறேன். முன்பக்கம் திறந்தால் தவளையின் இதயம் இருக்கும். அதற்கு மேல் யாரும் புரட்ட மாட்டார்கள்.

அப்பா எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போயிருக்கிறார். அப்பா இல்லாத நாட்களில் முப்பிடாதி மாமா எங்கள் வீட்டு முன்னறையில் வந்து படுத்துக்கொள்வார். அம்மாவின் அண்ணன். அத்தையும் பையனும் திருப்பூரில் வேலைக்கு இருப்பதால் அவர் வீட்டிலும் அவர் தனிதான். வெளிச்சம் தெரியாமல் இருக்கக் கதவின் அடியில் என் பாவாடையைச் சுருட்டி வைத்து அடைத்திருக்கிறேன். மாமா பார்த்தால் “உலகு, என்னட்டி எழுதுத?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் அவருக்குத்தான் இது தெரியவே கூடாது.

பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவின் கடையில் டைப் அடித்துக் கொடுப்பேன். கடை பெயர் பகவதி கிராபிக்ஸ். பகவதி அம்மாவின் பெயர். ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ப்ளெக்ஸ், வெப்சைட் எல்லாம் உண்டு. வெப்சைட் என்று பார்த்தால் மாமா இதுவரை செய்தது நான்குதான். அதில் பெரியது எங்கள் ஊர் செந்துளி நற்பணி மன்றத்துடையது. ரத்தம் தேவைப்படுகிறவர்கள் அதில் போய் நம்பர் பார்த்துக் கூப்பிட வேண்டும்.

இன்று மன்றத் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். மண்டியில் இருந்து நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் எலுமிச்சை வாசனை. ஆகஸ்ட் 15 மன்றத்தின் பத்தாவது ஆண்டு விழாவாம். விழாக்குழு இருபத்திரண்டு பேரின் படமும் வெப்சைட் பக்கத்தில் வர வேண்டுமாம்.

“வட்டத்துக்குள்ள போடு முப்பிடாதி. சுத்தி மின்னணும்.”

“மின்னிரும் அண்ணாச்சி.”

ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் மின்னாத இடமே கிடையாது. திறந்ததும் பாட்டு பாடும். மேலிருந்து ரத்தத் துளிகள் மழை மாதிரி விழும். அண்ணாச்சி, மாலை போட்ட அவருடைய அப்பா, துணைத்தலைவர், செயலாளர், கட்சிக்காரர்கள் ஆறு பேர் என்று வரிசையாகப் படங்கள். நடுவில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே “நீங்கள் எங்கள் 5,206ஆவது விருந்தினர்” என்று ஒரு எண். நான் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அங்கே வரும்போது கண்ணை நோட்டுக்குத் திருப்பிவிடுவேன்.

“மாமா, இன்னும் இருபத்திரண்டு படமா? போதும் மாமா” என்றேன்.

“படம்னா மனுசனுக்குச் சந்தோசம்ட்டி” என்று சிரித்தார்.

நான் டைப் அடிக்கத் திரும்பிவிட்டேன். பேசினால் எல்லாமே வந்துவிடும்.

ஜூலை 16, புதன்

மாமா முன்னறையில் இருமிக்கொண்டே இருக்கிறார். தூங்கவில்லை போல. எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

ஷமீமாவைக் கடைக்குக் கூட்டி வந்தேன். என் வகுப்பு. மாமா ப்ளெக்ஸ் கட்டப் போயிருந்தார். ஷமீமாவின் கையில் அவள் உம்மாவின் பழைய போன். “இந்தப் பக்கத்தில் ஏ நெகட்டிவ் ரத்தம் கொடுக்கிறவர் நம்பரைக் கண்டுபிடி. எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கப் போகிறேன்” என்றேன்.

“எதுக்குடீ?”

“கம்ப்யூட்டர் புராஜெக்ட்டுக்கு.”

முதலில் வெள்ளையாகவே நின்றது. பிறகு பாட்டு. அவள் போனைத் தொடையில் அமுக்கிச் சத்தத்தை மறைத்தாள். அப்புறம் படத்தில் அண்ணாச்சி மெதுவாக நெற்றியில் இருந்து கீழே கீழே வந்தார்.

“யாத்தே, மீசை வரைக்கும் வந்திட்டார். இன்னும் சட்டை வரணும். ஏ உலகு, இது வெப்சைட்டா, காதுகுத்து வீட்டுப் ப்ளெக்ஸா? கிடா விருந்து எப்பன்னு போட்டிருக்கா?”

தள்ளிக்கொண்டே போனாள். பதினொரு தடவை விரலால் தள்ளிய பிறகு நம்பர் பட்டியல் வந்தது. அதுவும் படம். மாமா ப்ளெக்ஸுக்காகச் செய்த பட்டியலை அப்படியே படமாக ஏற்றியிருக்கிறார். நம்பரைத் தொட்டால் போன் போகாது. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றா எட்டா என்று தெரியாது. மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து அடிக்க வேண்டும்.

நான்கு நிமிடம் பத்து நொடி. கடையில் நான்கு கோடு சிக்னல் இருக்கும்போதே.

“ஒன்ன மாதிரி தெரிஞ்சவ பாத்தா சீக்கிரம் எடுத்திருவ. நான் புதுசுல்லா” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடீ?” என்றாள். வயிற்று வலி என்று சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

அப்பா வந்திருக்கிறார். ரசம், கத்தரிக்காய் பொரியல், அப்பளம். ரசத்தில் உப்பு கூடிவிட்டது, அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பார்.

சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்துகொண்டு மறுபடி அதையே ஆரம்பித்தார். அவர் என்னிடம் பேசவில்லை, தனக்குத்தானே பேசினார்.

“ரெண்டு மணிக்கு ரத்தம் வேணும்னு சொல்லியிருக்கான். ஆறு மணிக்குத்தான் ஆளு வந்திருக்கான். நாலு மணி நேரம். டாக்டரு என்ன சொன்னாரு? ‘கொஞ்சம் முந்திக் கெடச்சிருந்தா’ன்னாரு. மீதியச் சொல்லல. அந்த நாலு மணி நேரம் எவனால போச்சு? அது மட்டும் எனக்குத் தெரியட்டும். எவனா இருந்தாலும் சரி, இந்த வாசப்படி அவன் மிதிக்கக் கூடாது.”

நான் நாளைக்கு இட்லிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26, சனி

ஆரம்பித்துவிட்டேன்.

மாமா சாமான் வாங்கச் சங்கரன்கோவில் போனார். கடையில் நான் மட்டும். மன்றத்தின் பக்கத்தை நகல் எடுத்து “வேதியியல்” என்று பெயர் வைத்த போல்டரில் போட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இது பக்கத்துக்கு வருகிறவளுக்காக இருக்கிறதா, வைத்தவருக்காக இருக்கிறதா?

பாட்டு, வைத்தவருக்கு. துளி மழை, வைத்தவருக்கு. ஓடுகிற எழுத்து “ரத்த தானம் செய்வோம்” என்றது. வருகிறவளுக்கு அதைப் படிக்கவா நேரம்? எடுத்துவிட்டேன். கட்சிக்காரர்கள் ஆறு பேர். துணைத்தலைவர். அண்ணாச்சியின் அப்பாவை எடுக்கும்போது மனதுக்குள் “மன்னிச்சிருங்க தாத்தா” என்றேன். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து எதற்கு? அழுகிற கண்ணுக்கு அது தெரியாது. வெள்ளையில் கறுப்பு வைத்தேன்.

கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். மேலே “எந்த ரத்தம் வேண்டும்?” அதற்குக் கீழே எட்டு பெரிய கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு ரத்த வகை. தொட்டால் மூன்று பேரின் பெயர் வரும். பெயரைத் தொட்டால் போன் போகும். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர்.

மொத்தப் பக்கமும் அண்ணாச்சியின் மீசையை விடக் கனம் குறைவு. கம்ப்யூட்டரில் பைல் அளவை உண்மையாகவே பார்த்தேன், அந்த ஒரு படத்தில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை.

இன்னும் ஒன்றை எடுக்கவில்லை. எல்லாப் படங்களுக்கும் கீழே, நம்பர் பட்டியலுக்கு மேலே, அம்மா இருக்கிறாள். போன பிப்ரவரியில் மாமா வைத்தார். அம்மா மன்றத்தில் ஒன்பது தடவை ரத்தம் கொடுத்தவள். கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, இரண்டு பக்கமும் விளக்கு எரிகிற மாதிரி. நம்பருக்குப் போக வேண்டுமென்றால் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மாமாவிடம் காட்டினேன். பள்ளிக்கூட புராஜெக்ட் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லும்போது என் காது சூடாகும், முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மாமா வெகு நேரம் பார்த்தார். கையில் இருந்த டீ ஆறிப் போனது.

“நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா வெறிச்சுன்னு இருக்கேட்டி. எழவு வீடு மாதிரி.”

சொன்ன பிறகு அவரே நிறுத்திவிட்டார். மேலே மின்விசிறி டக் டக் என்றது.

“இத மன்றத்துக்கே வச்சா என்ன மாமா?” என்று கேட்டேன்.

“அண்ணாச்சி ‘நான் எங்க?’ன்னு கேட்டா என்ன சொல்ல? ஒனக்குத் தெரியாது உலகு. போன வருசம் துணைத்தலைவர் படம் ஒரு விரக்கடை சின்னதாப் போயிருச்சு. கடைக்கே வந்து ஸ்கேல வச்சு அளந்தாரு. எடுத்தோம்னா அவ்வளவுதான். படத்த எடுத்தா ஆளையே எடுத்த மாதிரி.”

“ஆனா நம்பர் வேணும்னு வாரவங்களுக்கு…”

“நம்பர் கீழ இருக்குல்லா” என்றார் மாமா. ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னார். எழுந்து போய் ஓடாத ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பிப்ரவரி 11. படிப்பதற்காக லீவு விட்டிருந்தார்கள். அப்பா கேரளாவில். மாமா பிரிண்டர் வாங்க மதுரைக்குப் போயிருந்தார், போனில் சார்ஜ் இல்லை. மதியம் அம்மாவுக்குத் தீட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மாதாமாதம் அதிகமாகத்தான் போகும், யாரிடமும் சொல்ல மாட்டாள். அன்றைக்குப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். “ஏ நெகட்டிவ் எங்ககிட்ட இல்ல. வெளியில சொல்லியிருக்கோம், நீங்களும் பாருங்க” என்றார்கள்.

அம்மாதான் சொன்னாள், “நம்ம முப்பிடாதி அண்ணன் செஞ்ச பக்கத்துல நம்பர் இருக்கும், பாரு” என்று. பெருமையாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் போனில் ஒரு கோடு சிக்னல். பக்கம் திறந்தது, வெள்ளையாக நின்றது. திரும்பத் திறந்தேன். பாட்டு பாடியது, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி நெற்றியோடு நின்றுவிட்டார். திரும்பத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த விருந்தினர் எண் மட்டும் முதலில் வந்துவிடும். 4,811. 4,812. 4,813. கடைசியாக நான் பார்த்தது 4,829. நான் ஒருத்தியே பத்தொன்பது விருந்தினர்.

கடைசியில் ஆட்டோக்காரர் யார் யாருக்கோ போன் போட்டு ஒருவரை வரவழைத்தார். அவர் ஆறு மணிக்கு வந்தார். அம்மா ஐந்தே முக்காலுக்கே…

இது மாமாவுக்குத் தெரிந்தால் மாமா என்ன ஆவார்? அவருக்கு ஒரே தங்கச்சி. அப்பாவுக்குத் தெரிந்தால்? வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அப்பா சொன்னால் சொன்னதுதான். அப்புறம் எனக்கு மாமாவும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்றைக்கு எழுத்து கோணலாக வரும்.

பதினொரு மணிக்குக் கடை போன் அடித்தது. மாமா இல்லை.

“பகவதியா?” என்று ஒரு ஆண் குரல்.

அம்மாவைக் கேட்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். “பகவதி கிராபிக்ஸ்” என்றேன்.

“அம்மா, ரத்தம் வேணும்மா. என் வீட்டுக்காரிக்கு. ஓ நெகட்டிவ். அந்த வெப்சைட்டுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, ஒங்க நம்பர் மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு.”

பக்கத்தின் உச்சியில் ‘வடிவமைப்பு’ என்று போட்டு எங்கள் கடை நம்பர் இருக்கும். அந்தப் பக்கம் முழுவதிலும் எழுத்தாக இருக்கிற ஒரே நம்பர் அதுதான்.

கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்து மூன்று நம்பர் சொன்னேன். எழுதப் பேனா இல்லை என்று யாரிடமோ கெஞ்சினார். மெதுவாகத் திரும்பச் சொன்னேன். ஒரு மணிக்கு மறுபடி அவரே கூப்பிட்டார். ஆள் வந்துவிட்டாராம். “நல்லா இருப்பம்மா” என்றார்.

நான் இன்றைக்குக் கடையில் இல்லாமல் இருந்திருந்தால்?

வேதியியல் போல்டரைத் திறந்தேன். அம்மா மட்டும் மிச்சம் இருந்தாள், இரண்டு பக்கமும் விளக்கோடு. பேனா கிடைக்காமல் கெஞ்சிய அந்த ஆளின் கண்ணோடு பார்த்தேன். அவருக்கு அம்மா யார்?

எடுத்துவிட்டேன். பழைய பக்கத்தை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிவிட்டேன். மாமாவின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அம்மாவின் பிறந்த நாள்தான் அது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே அண்ணாச்சி கடை முன்னால் நின்றார். மாமா அப்போதுதான் ஷட்டரைத் தூக்குகிறார். நான் கோலப்பொடி டப்பாவோடு நிற்கிறேன்.

“ஏய் முப்பிடாதி! என்னைய எப்ப தூக்குனிய?”

“எங்க தூக்கினோம் அண்ணாச்சி?”

“மன்றத்துலேர்ந்துதான்! பக்கத்துல நான் இல்ல. எங்கய்யா இல்ல. செத்தவரக்கூட விடலியே நீ! எவன் பொதுக்குழு கூட்டுனான்? துணைத்தலைவன் வீட்டுல காலையிலேயே வெடி போட்டுட்டான்யா! அடுத்த தலைவர் அவன்தானாம், தெருவுல லட்டு குடுக்கான்!”

“அண்ணாச்சி, அவரு படமும் இல்ல அண்ணாச்சி.”

“அவன் எங்க பாத்தான்? நான் இல்லங்கிறது வரைக்கும் பாத்துட்டு வெடி வாங்கப் போயிட்டான்.”

மாமா போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்தேன்.

“நான்தான் மாத்தினேன் அண்ணாச்சி” என்றார் மாமா.

“நீயா? ஏன்யா?”

“நம்பர் சீக்கிரம் கெடைக்கட்டும்னு.”

“சாயந்திரத்துக்குள்ள பழசு வரணும். இல்ல, நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.” புல்லட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். மாமா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

“ஒங்கம்மை படத்தையும் எடுத்துட்டியேட்டி.”

“அம்மையப் பாக்கவா மாமா வாராங்க?”

மாமா எழுந்து பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தார். வெகு நேரம் குடித்தார். சாயந்திரம் ஆயிற்று. பழைய பக்கத்தை அவர் ஏற்றவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனதும் மாமா ஷட்டரைப் பாதி இறக்கினார். மேஜை டிராயரின் அடியில் இருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது.

பக்கத்தை யார் எப்போது எந்த போனில் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டரே எழுதி வைக்கும் பட்டியல் அது. பிப்ரவரி 11. 2.07. 2.09. 2.12. வரிசையாக 2.46 வரை. எல்லாம் ஒரே போன். ஓரத்தில் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தொன்பது வரை எண் போட்டிருந்தார்.

“அவ போன எனக்குத் தெரியாதா? நான்தானே வாங்கிக் குடுத்தேன்” என்றார் மாமா. “மூணாம் நாளே பாத்துட்டேன். அவ முடியாமக் கெடந்துருப்பா, நீதான் பாத்திருக்கணும்னும் தெரியும்.”

நான் கடைசி எண் வரை விரல் வைத்துப் பார்த்தேன்.

“தெனமும் மாத்தணும்னுதான் உக்காருவேன். மாத்தினா ஏன் மாத்தினன்னு ஒருத்தன் கேப்பாம்லா? அதுக்கு நான் என்ன சொல்ல? அவ படத்த மட்டும் வச்சேன். அதையும் வழிய மறிச்சு வச்சிருக்கேன் பாரு.”

அழவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். மேஜையில் தலை வைத்து அழுதேன். மாமாவின் கை என் தலைமேல் இருந்தது, பிரிண்டர் மை வாசனையோடு.

“பத்தொம்பது தடவை தட்டியிருக்க பிள்ள. கதவத் தொறக்காதது என் தப்பு.”

அப்புறம் சொன்னார், அப்பா வியாழக்கிழமை வந்ததும் அவரே சொல்லப் போகிறாராம்.

“வேண்டாம் மாமா. வாசப்படி ஏத்த மாட்டாங்க. அப்பா சொன்னா சொன்னதுதான்.”

“அதுக்காக? அந்த மனுசன் ஆறு மாசமா எவன் எவன்னு கேட்டுக்கிட்டு அலையுதாரு. பதில் என் டிராயருக்குள்ள கெடக்கு.”

ஆகஸ்ட் 13, புதன்

மாமா மண்டிக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து நடித்தே காட்டினார். நான் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

எலுமிச்சை ஏலம் நடந்துகொண்டிருந்ததாம். மாமா பழைய பக்கம் இருக்கிற போனை அண்ணாச்சி கையில் கொடுத்து, “ஒரு ஏ நெகட்டிவ் நம்பர் எடுத்துத் தாங்க அண்ணாச்சி, புதுசக் கழட்டிட்டு இதையே வச்சிருதேன்” என்றாராம். பாட்டு ஆரம்பித்ததும் ஏலம் கூறியவர் நிறுத்திவிட்டாராம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். தன் படத்தைத் தாண்டினார், அய்யாவைத் தாண்டினார். “இன்னும் எத்தன பேருய்யா இருக்கானுவ?” என்று கத்தினாராம். கூடைக்காரர்கள் சிரித்துவிட்டார்களாம்.

அப்போது மாமா அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தொன்பதையும்.

அண்ணாச்சி போனை மாமா கையிலேயே திருப்பிக் கொடுத்தாராம். கடைசியில், “எங்கய்யா படம் மட்டும் எங்கயாவது இருக்கட்டும்யா. அவரு பேர்லதானே ஆரம்பிச்சேன்” என்றாராம். எல்லாப் படங்களுக்கும் தனியாக ஒரு பக்கம் செய்யப் போகிறோம். முதல் பக்கத்தின் அடியில் “மன்றத்தினர்” என்று ஒரு சின்ன வரி. வேண்டியவர்கள் தொட்டுப் பார்க்கலாம். அம்மாவும் அங்கே இருப்பாள். விருந்தினர் எண் எங்கேயும் இல்லை.

நாளைக்கு அப்பா வருகிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அப்பா சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்தார். குளித்தார். சோறு போட்டேன். புளிக்குழம்பு. உப்பை மூன்று தடவை சரி பார்த்தேன்.

மாமா வாசப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

“என்ன மச்சான், உள்ள வாங்க” என்றார் அப்பா.

“இல்ல மாப்ள. சொல்லிட்டு வாரேன். அப்புறம் நீங்க சொன்னா வாரேன்.”

அங்கேயே நின்று, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மதுரைக்குப் போனதையும், சார்ஜ் போடாததையும் சேர்த்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ ஏன்ட்டி சொல்லல?”

“பயமா இருந்துச்சுப்பா.”

“யாரப் பாத்து?”

நான் தரையைப் பார்த்தேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவருடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

வெகு நேரம் கழித்துத் தட்டிலேயே கை கழுவினார். “அம்மை போனக் கொண்டா” என்றார்.

கொண்டு வந்து கொடுத்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு கோடுதான் சிக்னல். பக்கத்தைத் திறந்தேன். அப்பா கண்ணைக் குறுக்குவதற்குள் வந்துவிட்டது. எட்டுக் கட்டம். அப்பா தடித்த விரலால் ஏ நெகட்டிவைத் தொட்டார். மூன்று பெயர் வந்தது. முதல் பெயரைத் தொட்டார். சும்மா தொட்டுப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். போன் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு தடவைதான் மணி அடித்தது.

“சொல்லுங்க, எங்க வரணும்?” என்றது ஸ்பீக்கரில் ஒரு குரல். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

அப்பா போனைக் காதில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஹலோ? அண்ணே, அழாதீங்க. எந்த ஆஸ்பத்திரி? சொல்லுங்க, நான் கெளம்பிட்டேன்.”

அப்போதுதான் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

மாமாதான் வாசப்படி தாண்டி உள்ளே வந்து போனை வாங்கினார். “ஒண்ணுமில்ல தம்பி. போன் போகுதான்னு சரி பாத்தோம். மன்னிச்சிருங்க.”

“அதனால என்ன அண்ணே, நல்லாவே போகுது” என்றது குரல். வைத்துவிட்டது.

மாமாவுக்கு அப்போதுதான் தான் உள்ளே நிற்பது தெரிந்தது. வெளியே போகத் திரும்பினார். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்தார். மாமாவைப் பார்க்காமல், “உலகு, மாமாவுக்குத் தட்டு வை” என்றார்.

மாமா சாப்பிட்டார். பாதிதான் சாப்பிட்டார். குழம்பில் உப்பே போடவில்லை என்று நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. சரி பார்த்த மூன்று தடவையும் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது மணி பதினொன்று. அப்பா வீட்டில் இருக்கிற நாட்களில் மாமா இங்கே படுக்க மாட்டார். இன்று முன்னறையில் இரண்டு பாய் விரித்திருக்கிறது. அப்பாவின் குறட்டையும் மாமாவின் இருமலும் மாறி மாறிக் கேட்கிறது. என் பாவாடை வெளியே கொடியில் காய்கிறது, கதவின் அடியில் வைக்க வேறு எதையும் நான் தேடவில்லை.